கீறல் விழாத வண்டி

நடமாடும் மருத்துவமனை என்று பெயர். நடமாடியதென்னவோ தார்ச்சாலை முடியும்வரைதான். அதற்குமேல் குன்றுக் குடியிருப்புக்குப் போகும் கல்பாதையில் ஏறினால் பெயின்ட் போய்விடுமாம். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து வண்டியில் ஒரு கீறல்கூட இல்லை என்று ஓட்டுநர் மார்தட்டிக்கொள்வார். உள்ளே ஏசியில் தூங்கும் டாக்டருக்கும் அது வசதி.

"அண்ணே, அம்மாவுக்குக் கால் புண்ணு அழுகிப்போச்சு. நடக்க முடியல, மேல வாங்க" என்றாள் ஒருத்தி.

"தூக்கிட்டு வாம்மா. மலையேற இது என்ன ஆட்டுக்குட்டியா?"

அவள் ஒரு கல்லைப் பொறுக்கி, வண்டியின் முன்பக்கத்திலிருந்து பின்பக்கம்வரை நிதானமாக ஒரு கோடு இழுத்தாள். ஓட்டுநர் கைத்துண்டால் அந்தக் கோட்டைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தார்.

"அதான் கீறல் விழுந்துடுச்சே, இனி என்னண்ணே பயம்? ஏத்துங்க."

மருந்துக்கு வந்து நின்ற கூட்டம் சிரித்தது. பெருமையெல்லாம் பறிபோன மனிதர், வேறு வழியின்றி முதல் கியரைப் போட்டார்.