ஏட்டையா படித்த சட்டப் புத்தகம்

ஏரியில் திருட்டு மண் அள்ளுவதைப் பற்றி முகநூலில் எழுதியதற்காக என் வீட்டைச் சோதனை போட்டார்கள். பாலக்கோடு மண்டிக்குத் தக்காளி போகும் கிரேடுப் பெட்டிகளில் என் புத்தகங்களை அடுக்கினார்கள். பட்டியல் எழுதியவர் ஒரு ஏட்டையா. நரைத்த மீசை, முத்து முத்தான கையெழுத்து. ஒவ்வொரு புத்தகத்திலும் முதல் வரியை உதடசையப் படித்த பிறகுதான் அதன் பெயரை எழுதினார்.

பேச்சுரிமைச் சட்டம் பற்றிய புத்தகம் வந்ததும் அவர் கை நின்றது.

"இது உங்க கேசுக்கே வேணுமில்லீங்களா சார்?"

"ஆமாங்க. இதை மட்டுமாவது வுட்டுட்டுப் போங்க."

வாசலில் நின்ற இன்ஸ்பெக்டரைப் பார்த்தார். "எல்லாத்தையும் எழுதச் சொல்லிட்டாங்களே, நான் என்னங்க பண்றது?" என்று அதையும் எழுதிக்கொண்டார்.

ஆறு மாதம் கழித்துப் புத்தகங்களைக் கேட்டு ஸ்டேஷனுக்குப் போனேன். கோர்ட்டு உத்தரவு வந்தால்தான் கிடைக்கும் என்றார் ஏட்டையா. பிறகு என் வண்டி வரை கூடவே வந்து குரலைத் தாழ்த்தினார்.

"அந்தச் சட்டப் புக்கைப் படிச்சு முடிச்சிட்டேங்க சார். நீங்க எழுதுனதுல ஒரு தப்பும் இல்லீங்க."

"இதைக் கோர்ட்டுல வந்து சொல்வீங்களா?"

அவர் திரும்பி ஸ்டேஷனைப் பார்த்தார்.

"நான் சொன்னேன்னு எங்கயும் எழுதிடாதீங்க சார். புள்ளகுட்டிக்காரன்."

அவர் சட்டையில் குத்தியிருந்த பெயர் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. எழுதத்தான் முடியவில்லை.