பந்தாட்டம் வராத சனிக்கிழமை

பழைய பீங்கான் கோப்பை ஒன்றைக் கவிழ்த்துப் பிடித்து, அடியில் என்ன முத்திரை இருக்கிறது என்று ஓர் ஆங்கிலேயர் கண்ணாடி வைத்து ஆராயும் காட்சி தொலைக்காட்சியில் வந்தால் இன்றைக்கும் என்னால் பார்க்க முடியாது. எழுந்து போய்விடுவேன். என் மனைவி சிரிப்பாள். அவளுக்கென்ன, அந்தச் சனிக்கிழமை அவள் என் வாழ்க்கையில் இல்லை. ஒஸ்லோவில் அண்ணியின் வீட்டுச் சோபாவில் காலையிலிருந்து இருட்டும்வரை இருந்து, ஒரு பிரித்தானிய அலைவரிசையின் நிகழ்ச்சிகளை ஒன்று விடாமல் பார்த்தவன் நான். பார்த்ததெல்லாம் ஞாபகம் இருக்கிறது. ஒன்றும் மண்டைக்குள் ஏறவில்லை.

இரண்டாயிரத்துக்குப் பிந்திய ஒரு குளிர்காலம் அது. அண்ணனுக்கு நோர்வேயின் வடகோடியில், ஹம்மர்பெஸ்ட்டில் எரிவாயு ஆலை கட்டும் இடத்தில் வேலை. பாதி மாதம் அங்கேதான் இருப்பார். அண்ணி ஏழு மாதக் கர்ப்பிணி. அதற்கு முன் இரண்டு தடவை கரு கலைந்து, அந்த வீட்டில் பிள்ளை என்ற பேச்சையே எடுக்கப் பயந்திருந்தோம். அன்று காலை அண்ணன் அங்கிருந்து என்னைத் தொலைபேசியில் அழைத்தார். அண்ணியின் தங்கை லண்டனில் படித்துக்கொண்டே பெற்றோல் நிலையமொன்றில் வேலை செய்தவள். முதல்நாள் இரவு வேலை முடிந்து வரும் வழியில் கார் மோதி இறந்துபோனாள். லண்டனில் இருந்தவர்கள் நம் ஆட்கள் அல்லவா, அண்ணியை விட்டுவிட்டு அண்ணனுக்குத்தான் சொல்லியிருந்தார்கள். இப்படியான செய்தியைத் தனியே இருக்கும் ஆளுக்குத் தொலைபேசியில் நாங்கள் சொல்லுவதில்லை. நாலு பேர் போய்ச் சுற்றி இருந்துகொண்டு, பிறகுதான் வாயைத் திறப்போம்.

"நான் வந்து சொல்லுறன். அதுவரைக்கும் அவவுக்கு ஒண்டும் தெரியக்கூடாது. வயித்தில பிள்ளை இருக்கு, விளங்குதோ?" என்றார் அண்ணன். வடக்கே பனிப்புயல். விமானம் எப்போது கிளம்பும் என்று அவருக்கே தெரியாது.

தமிழ்த் தொலைக்காட்சியைப் போட விடாதே என்பது அவருடைய இரண்டாவது கட்டளை. அதில் மரண அறிவித்தல் படத்தோடு போகும். எந்த நேரம் போகும் என்று யாருக்குத் தெரியும்? அண்ணியின் வீட்டுக்குள் நான் நுழைந்ததும் தொலைபேசி வயரைச் சத்தமில்லாமல் கழற்றினேன். பிரித்தானிய அலைவரிசையில் இன்றைக்கு நல்ல பந்தாட்டம் இருக்கிறது, என் வீட்டில் அது வராது என்று ஒரு பொய்யை அவிழ்த்துவிட்டு, ரிமோட்டைப் பிடித்துக்கொண்டு இருந்துவிட்டேன்.

முதலில் சமையல். ஒரு தடித்த மனிதர் பூசணிக்காயோடு மல்லுக்கட்டினார். அதன்பிறகு பழைய சாமான்களை ஏலம் விடும் நிகழ்ச்சி. அண்ணி தேநீரோடு வந்து பக்கத்தில் இருந்தார். முகமெல்லாம் சிரிப்பு. "இதைத்தான், தம்பி, தங்கச்சியும் இப்ப பாத்துக்கொண்டிருப்பாள்" என்றார். சனிக்கிழமைகளில் அக்காவும் தங்கையும் இரண்டு நாட்டிலிருந்து, காதில் தொலைபேசியை வைத்துக்கொண்டு இதைப் பார்ப்பார்களாம். கோப்பை என்ன விலைக்குப் போகும் என்று பந்தயம் பிடிப்பார்களாம். அண்ணிக்கு விளங்காத ஆங்கிலத்தைத் தங்கை தமிழில் சொல்லுவாளாம், பாதியைத் தானே இட்டுக்கட்டி. நான் தேநீரைக் கீழே வைத்தேன். அண்ணி தொலைபேசியைத் திரும்பிப் பார்த்தார். "இண்டைக்கு இன்னும் எடுக்கேல்லை." வேலைக்குப் போயிருப்பாள் என்றேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

மேல்மாடியில் இருந்த மட்டக்களப்பு அக்கா முதலில் வந்தார். அண்ணன் அவருக்கும் சொல்லியிருந்தார். கொஞ்ச நேரத்தில், நாற்பது கிலோமீற்றர் தள்ளியிருக்கும் திராமன் நகரிலிருந்து அண்ணனின் நண்பரும் அவர் மனைவியும். சும்மா இந்தப் பக்கம் வந்தார்களாம். அந்தக் கொட்டுகிற பனியில், திராமனிலிருந்து, யாராவது சும்மா வருவார்களா? எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. வந்தவர்கள் வாயைத் திறந்து நாலு கதை கதைத்தாலும் பரவாயில்லை. எல்லோரும் முகத்தை உம்மென்று வைத்தபடி, ரோசாச் செடியை எந்தக் கணுவுக்கு மேலே வெட்டுவது என்று ஒருவர் காட்டுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மட்டக்களப்பு அக்கா அதைப் பார்த்துக் கண்ணைத் துடைத்தார்.

வீடு வாங்குபவர்களின் நிகழ்ச்சி முடிந்ததும் ஆஸ்பத்திரி நாடகம் தொடங்கியது. தள்ளுவண்டியில் ஒரு பெண்ணை இரத்தமும் சதையுமாக ஓட ஓடத் தள்ளிக்கொண்டு போனார்கள். மாற்றலாம் என்றால் அடுத்த பொத்தான் தமிழ் அலைவரிசை. சத்தத்தை மட்டும் குறைத்தேன். அண்ணி திரையைப் பார்க்கவில்லை. எங்களைத்தான் ஒவ்வொருவராகப் பார்த்தார். "தம்பி, பந்தாட்டம் எத்தினை மணிக்கு?" என்று கேட்டார். பிந்தும்போல என்றேன். சரி என்று தலையாட்டிவிட்டு, இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுந்து சமையலறைக்குப் போனார்.

பசியில்லை என்று நாங்கள் எல்லோரும் சொன்னோம். அவர் கேட்கவில்லை. சோறும் பருப்பும் கத்தரிக்காய்க் குழம்பும் வைத்து, ஒவ்வொருவருக்கும் தானே போட்டுக்கொடுத்தார். வேண்டாம் என்று கையை மறித்த திராமன் நண்பருக்கு இன்னொரு கரண்டி கூடவே விழுந்தது. பிறகு தானும் ஒரு கோப்பையில் போட்டுக்கொண்டு வந்து, ஒரு பருக்கை மிச்சமில்லாமல் மெதுவாகச் சாப்பிட்டு முடித்தார். தொலைக்காட்சியில் யாரோ ஸ்னூக்கர் விளையாடினார்கள். அப்பாடா, ஒன்றும் தெரியாமல் சாப்பிட்டுவிட்டார் என்று நான் நினைத்தேன்.

கோப்பைகளைக் கழுவி வைத்துவிட்டு வந்தவர், என் கையிலிருந்து ரிமோட்டை வாங்கித் தொலைக்காட்சியை நிறுத்தினார். வெளியே இருட்டியிருந்தது. அண்ணனின் விமானம் இன்னும் கிளம்பவில்லை.

"எல்லாரும் சாப்பிட்டாச்சு. இனிச் சொல்லுங்கோ தம்பி. ஆருக்கு? அம்மாவுக்கோ, தங்கச்சிக்கோ?"

செய்தி காதில் விழுந்துவிட்டால் அந்த வீட்டில் அடுப்பு எரியாது. வந்தவர்களுக்கும் வயிற்றில் இருந்த பிள்ளைக்கும் சோறு போகட்டும் என்று, அந்தக் கேள்வியை அவர் வாய்க்குள் அடக்கி வைத்திருந்திருக்கிறார். அம்மாவா தங்கையா என்று தெரியாமல் அரிசி கழுவியிருக்கிறார்.

அண்ணன் சொன்னது ஞாபகம் வந்தது. ஆனால் அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு இன்னொரு பொய் சொல்ல என்னால் முடியவில்லை. "தங்கச்சி" என்றேன்.

இரண்டு கைகளாலும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு அவர் தரையில் இருந்துவிட்டார். அவர் அழுததை எழுத எனக்கு மனமில்லை. பிள்ளைக்கு ஒன்றும் ஆகவில்லை என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். அவன் இப்போது பேர்கனில் படிக்கிறான், என்னைவிட உயரம். ஆனால் அன்றைக்கு அது எங்களுக்குத் தெரியாதே. அம்புலன்ஸுக்கு அடிப்பதா வேண்டாமா என்று கைத்தொலைபேசியை வைத்துக்கொண்டு நின்றேன்.

அழுகைக்கு நடுவில் அண்ணி அதைக் கண்டுவிட்டார். யாழ்ப்பாணத்திலிருந்த தன் அம்மாவுக்கு எடுக்கப்போகிறேன் என்று நினைத்தாராக்கும்.

"அம்மாவுக்கு எடுக்காதேங்கோ தம்பி, அவ தனிய இருக்கிறா. பக்கத்து வீட்டுக்கு எடுத்து, ரெண்டு மூண்டு பேரைப் போய் இருக்கச் சொல்லுங்கோ. முதல் அவவைச் சாப்பிட வைக்கச் சொல்லுங்கோ."