ஹேண்ட் பிரேக்கை நம்பாத கோவர்த்தனன்

வண்டி நின்றதும் கோவர்த்தனன் கதவைத் திறந்து முதலில் கீழே வைப்பது காலை அல்ல, கட்டையை. இருக்கைக்கு அடியில் கிடக்கும் அந்த மரக்கட்டையைத் தரையில் எறிவார். பிறகு தானும் இறங்கி, அதைக் காலால் தள்ளி முன்சக்கரத்துக்கு முட்டுக் கொடுத்து, போதாதென்று இன்னொரு உதையும் விடுவார். "கெட சனியனே!" என்று கட்டையையோ வண்டியையோ ஒரு திட்டுத் திட்டிவிட்டுத்தான் பயணிகளை இறங்கச் சொல்வார். ஹேண்ட் பிரேக் என்று ஒன்று வண்டியில் இருக்கத்தான் இருக்கிறது. அதில் அவருடைய துண்டு தொங்கும்.

ஏன் பிரேக் போடுவதில்லை என்று அவரிடம் போய்க் கேட்டுவிடாதீர்கள். ரேணிகுண்டா ஸ்டேஷனில் ஏறி, காளஸ்திக்குச் சாமி கும்பிடப் போன ஒரு சென்னைக்காரர் கேட்டார், பாவம். "அது இன்னா தெரியுமா சார்? கயிறு. இரும்புக் கயிறு. கயிறுன்னா ஒருநா அறும். நகரி ஊர்ல தறி ஓட்னவன் நானு. நான் பாக்காத அறுப்பா?" என்று பிடித்துக்கொண்டவர் ஏர்பேடு தாண்டியும் விடவில்லை. கட்டைகூடத் தறி விற்றபோது மிஞ்சிய மரத்தில் அறுத்ததுதான். அதை மட்டும் நம்புவார்.

கோபம் அவருக்குக் காலைக் காபியோடு வந்துவிடும். மூடிய ரயில்வே கேட், ரோட்டில் நெல் காயப் போடுகிறவர்கள், ஹாரன் அடித்தால் திரும்பி ஒரு பார்வை பார்த்துவிட்டு அங்கேயே நிற்கிற எருமை, எல்லாருக்கும் பங்கு உண்டு. திட்டு தமிழில் ஆரம்பிக்கும். எதிரில் இருப்பவர் போலீஸ்காரராகவோ மண்டல ஆபீஸ்காரராகவோ இருந்தால் தெலுங்குக்குப் போய்விடும். வீட்டுக் கோபம் மட்டும் முழுக்கத் தமிழில்தான்.

அந்த வீட்டுக் கோபங்களில் பெரிய கோபம் மகன் திலீப் மேல். தறிகளை விற்றுத்தான் அவனைக் குவைத்துக்கு அனுப்பினார். அவன் அனுப்பிய பணத்தில்தான் இந்தப் பழைய சுமோவை வாங்கினார். தங்கச்சி ஷோபா கல்யாணத்துக்குக் கட்டாயம் வருகிறேன் என்று சொன்னான். நாகலாபுரம் கோயிலில் மேளம் கொட்டுகிறது, பெண்ணின் கையில் பொரி போட அண்ணனைக் கூப்பிடுகிறார் ஐயர், அண்ணன் இல்லை. குவைத்தில் அவன் வேலை பார்க்கும் வீட்டுக்காரன் பாஸ்போர்ட்டைக் கொடுக்கவில்லையாம். யாரோ ஒரு பங்காளிப் பையன் முன்னால் வந்து பொரி போட்டான். எருமையைக்கூட விடாத கோவர்த்தனன் அன்று ஒரு வார்த்தை பேசவில்லை. பார்த்தவர்களுக்கு அதுதான் பயமாக இருந்தது. அன்றோடு மகனிடமும் பேச்சை நிறுத்திவிட்டார்.

நிறுத்திவிட்டார் என்றால், போனைக் கையில் வாங்குவதில்லை, அவ்வளவுதான். வெள்ளிக்கிழமை குவைத்தில் லீவு. சாப்பாட்டு வேளைக்குப் போன் வரும். மனைவி ஜெயம்மா வாசலில் நின்று பேசுவார். கோவர்த்தனனுக்கு அந்த நேரத்தில்தான் வண்டி துடைக்கிற வேலை வரும். "துன்னானான்னு கேளு!" என்று டயரைப் பார்த்துக் கத்துவார். "ஜொரம் வந்துச்சே, ஆஸ்பத்திரிக்குப் போனானான்னு கேளு! நான் கேட்டன்னு சொல்லாத!" தெருக்கோடி வரை கேட்கும் குரல் குவைத்துக்குக் கேட்காதா? "நீயே பேசித் தொலையேன்யா" என்று ஜெயம்மா போனை நீட்டினால், திரும்பிக்கொண்டு ஒரு வாளித் தண்ணீரை வண்டி மேல் அடித்து ஊற்றுவார்.

கல்யாணம் முடிந்து கொஞ்ச நாளில், குவைத்திலிருந்து லீவில் வந்த புத்தூர்க்காரர் ஒருவர் ஒரு பெட்டியைக் கொண்டுவந்து கொடுத்தார். திலீப் கொடுத்தனுப்பியது. காரில் மாட்டுகிற டி.வி. கூரையில் பொருத்த ஒரு திரை, டிவிடி போடுகிற பெட்டி, கற்றை கற்றையாக ஒயர், இங்கிலீஷும் அரபியுமாக ஒரு புத்தகம். "ஆள வாடான்னா டப்பா வருது பாருமே! இது வந்து பொரி போடுமா?" என்று கத்திவிட்டு அதைப் பரணில் தூக்கிப் போட்டார்.

அதற்குள் காலம் மாறிக்கொண்டிருந்தது. ஸ்டாண்டில் இன்னொரு டிரைவரான நாகபூஷணம் தன் வண்டியில் டி.வி. மாட்டிவிட்டான். திருப்பதிக்கு வண்டி கேட்டு வருகிற குடும்பங்கள் ஜன்னலில் தலையை விட்டு, "டி.வி. உந்தா அன்னா?" என்று கேட்டுவிட்டு, இல்லை என்றதும் அங்கே போய் ஏறிக்கொண்டார்கள். "சாமி பாக்கப் போறியா, சினிமா பாக்கப் போறியா?" என்று அவர்கள் முதுகைப் பார்த்துக் கேட்டார் கோவர்த்தனன். அப்போதும் பெட்டி இறங்கவில்லை. ஒரு நாள் ஜெயம்மா, "எலி கடிச்சி வீணாப் போவுது, யாருக்கானா குடுத்துடலாமா?" என்று கேட்டார். அன்றைக்குச் சாயங்காலமே இறங்கிவிட்டது.

"திருப்பதிக்கு எடுத்துக்கினு போ மாமா. கடைல அரை நாள்ல மாட்டிக் குடுத்துருவாங்க" என்றான் நாகபூஷணம், நல்ல மனசோடுதான்.

"எம்புள்ள அனுப்ச்ச பொருள்ல எவன்டா கை வெக்கிறது?" என்று சீறினார் கோவர்த்தனன். சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று உறைத்தது. உடனே, டீயில் சர்க்கரை இல்லை என்று டீக்கடைக்காரரைப் பிடித்துக்கொண்டார். சர்க்கரை இருந்தது.

ஆக, தானே மாட்டினார். சவாரியை நிறுத்திவிட்டு, வண்டியை வீட்டு வாசலில் கட்டை போட்டு நிறுத்தி, ஜெயம்மாவின் காய் நறுக்குகிற கத்தியைக் காய்ச்சிக் கூரை ரெக்சினைக் கிழித்தார். ஒயரின் தோலைப் பல்லால் உரித்தார். விரல் மட்டும் என்ன வேகம்! அறுந்த இழையைச் சேர்க்கிற அதே சுருக்கில் கம்பியும் கம்பியும் சேர்ந்தன. புத்தகத்தில் எழுத்து புரியாது, படம் புரியும். படத்தில் எந்த ஒயர் எங்கே போகிறதோ அங்கேதான் போக வேண்டும், அதில் அவர் ஒற்றைக்கால் பிடிவாதம். ஒல்லியாக ஒரு பச்சை ஒயர் ஹேண்ட் பிரேக்குக்குப் போவதாகப் போட்டிருந்தது. "இது எதுக்குடா அங்க போவுது, தண்டத்துக்கு" என்று முனகினார். முனகிக்கொண்டே துண்டை விலக்கி, அங்கேயே மாட்டித் துண்டைத் திரும்பத் தொங்கவிட்டார்.

சாவியைத் திருகி, ஒரு சினிமாப் பாட்டு டிவிடியைச் செருகினார். பாட்டு வந்தது. திரை நீலமாக எரிந்தது, அதில் இங்கிலீஷில் இரண்டு வரி. படம் வரவில்லை.

நம்பர் பிளேட் படிக்கிற அளவுக்குத்தான் அவருக்கு இங்கிலீஷ். "கம்பெனிக்காரன் பேரப் போட்டுக்கினு குந்தினுகிறான்" என்றார். காத்திருந்தார். கம்பெனிக்காரன் எழுந்து போகவில்லை. எல்லா முடிச்சையும் அவிழ்த்து மறுபடி போட்டார். நீலம். மறுநாளும் அவிழ்த்தார், போட்டார். நீலமேதான். ஒயரைத் திட்டினார், குவைத்தைத் திட்டினார், குறுக்கே போன கோழியைத் திட்டினார். பார்க்க வந்த நாகபூஷணம், "பாட்டு கேக்கவா மாமா இவ்ளோ பெரிய கண்ணாடி?" என்று சிரித்தான். கையில் ஸ்பேனரோடு இவர் இறங்குவதைப் பார்த்ததும் சிரிப்பை அங்கேயே விட்டுவிட்டு ஓடினான். யாரிடமாவது அந்த இரண்டு வரியைப் படிக்கச் சொல்லலாமே என்றார் ஜெயம்மா. மூன்றாம் மனுஷன் வந்து படிக்கிறதுக்கு இதைப் பரணிலேயே விட்டிருக்கலாமே என்றார் இவர்.

வெள்ளிக்கிழமை வந்தது. போனும் வந்தது.

"உங்க நைனா ஒயரோட மல்லு கட்டிக்கினு கீறாருடா, சோறு தண்ணி இல்லாம" என்றார் ஜெயம்மா.

"அனுப்ச்சவனுக்கு மாட்டத் தெரியுமான்னு கேளு!" என்றது வண்டிக்குள்ளிருந்து ஒரு குரல்.

அங்கிருந்து திலீப் சிவப்பு என்றான், மஞ்சள் என்றான். ஜெயம்மா அதைச் சொல்ல, இவர் கத்த, அதை அவர் திருப்பிச் சொல்ல, நடுவில் கறுப்பு பச்சையாகி, பச்சை நீலமாகி, கடைசியில் ஜெயம்மாவுக்கே கோபம் வந்துவிட்டது. "நீயாச்சி, உம்புள்ளயாச்சி. அடுப்புல கொழம்பு கீது எனக்கு!" என்று போனை ஜன்னல் வழியாக அவர் மடியில் போட்டுவிட்டு உள்ளே போய்விட்டார்.

மடியில் கிடந்த போன் "நைனா? நைனா?" என்றது. கோவர்த்தனன் அதைப் பார்த்தார். பக்கத்தில் வாளி இல்லை. எடுத்துக் காதில் வைத்தார்.

"டேய்! இன்னாடா டப்பா அனுப்ச்சிகிற?"

கல்யாணத்துக்குப் பிறகு மகனிடம் அவர் பேசிய முதல் பேச்சு அதுதான்.

பாட்டு மட்டும் வருகிறதா, திரை நீலமா என்று கேட்டுக்கொண்டான் திலீப். பிறகு, "வண்டிய எப்டி நிறுத்திகிற நைனா?" என்றான்.

"எப்டி நிறுத்துவாங்க? கட்ட போட்டுத்தான்."

"இன்னும் அந்தக் கட்டயா?" என்றவன் சிரித்தான். "ஹேண்ட் பிரேக்கு போடு நைனா. அதப் போட்டாத்தான் படம் வரும். வண்டி ஓடச்சொல டி.வி. பாக்கக்கூடாதுன்னு சட்டம். நீ பிரேக்கே போட மாட்டன்றது எனக்குத் தோணவே இல்ல பாரு."

"சட்டமா? வண்டி நின்னாத்தான் படம்னா எவன்டா பாப்பான்? தங்கச்சி கல்யாணத்துக்கு அண்ணன வுடாத ஊர்ல இதுக்கு மட்டும் சட்டம் கீதா? பாஸ்போர்ட்ட புடுங்கி வெச்சிக்கினு கீறான் பாரு, அவனுக்கு எந்த ஊர்லடா சட்டம்?" அதோடு நிறுத்திக்கொண்டார். தெருவில் ஒரு நாய் போயிற்று, அதை ஒன்றும் சொல்லவில்லை.

"நான் இன்னா நைனா பண்ணட்டும்" என்றான் திலீப், மெதுவாக.

கோவர்த்தனன் துண்டை உருவித் தோளில் போட்டுக்கொண்டார். பல நாள் தொடாத பிரேக். இறுகிக் கிடந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தார். கடகடவென்று ஏறியது. தலைக்கு மேல் நீலம் போய், வயல் வரப்பில் பாவாடை பறக்க ஒரு பெண் ஆடிக்கொண்டே ஓடிவந்தாள். அத்தனை பளிச்சென்று நாகபூஷணத்தின் வண்டியில்கூட வராது.

"வந்துச்சா நைனா? போன் கார்டுல காசு ஓடுது. வந்துச்சின்னா வெச்சிடட்டுமா?"

கோவர்த்தனன் திரையைப் பார்த்தார். கட்டை விரலால் பொத்தானை அழுத்திக்கொண்டு, சத்தம் கேட்காமல், பிரேக்கை மெல்லக் கீழே இறக்கினார். திரை நீலமாயிற்று.

"வரலடா" என்றார் கோபமாக. "இன்னா பண்ணணும், மொதல்லேர்ந்து சொல்லு."