ப்ரீயாக இருந்தவள்

‘ப்ரீ’ என்ற இங்கிலீஷ் வார்த்தையை எங்கள் வீட்டுக்குள் கொண்டுவந்தவள் என் கொழுந்தன் பெண்டாட்டி. எஸ்.எஸ்.எல்.சி. படித்தவள். நான் எரியோட்டில் நாலாம் வகுப்போடு நின்றவள். திண்டுக்கல்லுக்கு நான் வாக்கப்பட்டு எட்டு வருசம் கழித்து அவள் வந்தாள்.

அவளுக்கு அந்த ஒரு வார்த்தை எதற்கெல்லாமோ ஆகும். வேலை முடிந்தால் “நான் ப்ரீக்கா” என்பாள். சோப்போடு சும்மா கிடைத்த சீப்பும் ப்ரீ. பின்னாமல் விட்ட கூந்தலும் ப்ரீ. மாமனார் முன்னால் நின்று சிரித்துப் பேசுவாளே, அதுவும் ப்ரீதான். பார்க்கப் பார்க்க எனக்கு வயிறு எரியும். அந்த வீட்டில் மருமகள் மாமனாரிடம் நேராகப் பேசும் வழக்கமில்லை. எதுவானாலும் மாமியாரிடம் சொல்ல வேண்டும், அவர் போய்ச் சொல்லுவார். எங்கள் ஊர்த் திருவிழாவுக்குப் போக அப்படித்தான் மூன்று வருசமாகக் கேட்டேன். மாமியாரிடமிருந்து வெறும் தலையாட்டல்தான் வந்தது. அம்மாவைப் பார்க்காமல் எனக்குச் சோறு இறங்கவில்லை.

நாலாம் வருசத் திருவிழாவுக்கு முந்தின நாள் பூக்கட்டும்போது, அந்த வார்த்தை எங்கிருந்து வந்தது என்று அவளிடம் கேட்டேன்.

“ஆதியில பிரியமானவங்கன்னு அர்த்தமாம்க்கா. நம்ம பிரியம்ங்கிறதும் அதுக்குச் சொந்தமாம். வீட்டுல பிரியப்பட்ட சொந்த சனமும் இருக்கும், அடிமையும் இருக்கும். சொந்த சனத்தைச் சொன்ன வார்த்தை, அடிமை இல்லாதவங்கன்னு ஆயிப்போச்சாம். எங்க டீச்சர் சொன்னாங்க.”

அப்படியானால் இந்த வீட்டில் பிரியப்பட்டவள் நீ, நான் யார்? இப்படி நினைத்துக்கொண்டே, திருவிழாக் கதையை மட்டும் சொன்னேன். அவள் விருட்டென்று எழுந்து போனாள். மாமனாரிடம் அவள் பேசுவதைக் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டேன்.

“மாமா, அக்காவ எரியோட்டுக்கு அனுப்புங்க.”

“போகட்டுமே. அந்தப் புள்ள ஒருதரம்கூட கேட்டதில்லையே. தாய்வீட்டு நெனப்பே இல்லாதவன்னுல்ல இருந்தேன்.”

அடுப்படியில் மாமியார் குனிந்தபடி குழம்பைக் கிண்டிக்கொண்டே இருந்தார். மூன்று வருசமும் என் சேதி அந்த அடுப்படியைத் தாண்டவில்லை.

மறுநாள் வண்டி கட்டியாயிற்று. கதவோரம் நின்று, “போயிட்டு வாரேன் மாமா” என்றேன்.

“சரி தாயி, இருந்துட்டு வா” என்றார்.

எட்டு வருசத்துக்கு மேல் இருந்து எனக்குக் கிடைத்தது ஒரே ஒரு ‘தாயி’. வந்த மாசத்திலிருந்து அவளுக்கு அது தினம் பத்துத் தரம். அம்மாவைப் பார்க்கப் போகிறோம் என்ற சந்தோசம்கூட, வண்டி தாடிக்கொம்பு தாண்டிய பிறகுதான் வந்தது.