பகல் பன்னிரண்டு

போனில் பகல் பன்னிரண்டு என்று சொல்லித்தான் பதிவு செய்திருந்தேன். பட்டினியாக இருந்த அம்மாவோடு அடையாறு ஸ்கேன் சென்டரில் போய் நின்றால், கவுண்டர் பெண் திரையைப் பார்த்துச் சொல்கிறாள்: "உங்க ஸ்லாட் பன்னெண்டு ஏ.எம். சார். நேத்து நைட்டே முடிஞ்சிடுச்சு. நீங்க வரலைன்னு காட்டுது."

எனக்குச் சுர்ரென்று ஏறியது. மயிலாப்பூரில் மூன்றாம் வகுப்பு படித்தபோது இதே பன்னிரண்டுக்காக முட்டி போட்டிருக்கிறேன். பதினொன்று ஏ.எம். என்றால் அடுத்து வரும் பன்னிரண்டும் ஏ.எம்.தானே என்று எழுதிவிட்டேன். முட்டியில் மணல் உறுத்திய அந்த எரிச்சல் இன்னும் போகவில்லை. பன்னிரண்டில் தொடங்கி ஒன்றுக்குப் போகிற கணக்கை எந்தக் குழந்தை ஒப்புக்கொள்ளும்?

மறுநாள் அம்மா ஆபீஸுக்குப் போகாமல் பள்ளிக்கு வந்தாள். "உச்சிக்கு முன்னாடி ஏ.எம்., பின்னாடி பி.எம். சரி மிஸ். உச்சியே எப்படி உச்சிக்குப் பின்னாடி ஆகும்?"

"ரூல் அப்படிம்மா" என்றார் டீச்சர். அன்றிலிருந்து வீட்டுக் காலண்டரில் அம்மா பகல், ராத்திரி என்றுதான் எழுதுவாள்.

இப்போது அவள் கைப்பையைக் கவுண்டர் மேல் வைத்தாள். "ஏம்மா, ராத்திரி பன்னெண்டுக்கு இங்க யாரு இருந்தீங்க?"

"யாரும் இல்ல மேடம். ஒன்பதுக்கே பூட்டிடுவோம்."

"அப்ப வராதது யாரு?"