ஒன்றுவிட்டு ஒரு நாள் தீவனம்

“என்ன, முந்தாநேத்து போட்டதெல்லாம் தின்னாச்சா?” என்று கேட்டுக்கொண்டே பெட்டியின் கண்ணாடிக் கதவைத் திறக்கிறார் சமையலம்மா. உள்ளே மனிதர் யாரும் இல்லை. எப்போதும் உடம்புச் சூட்டிலேயே இருக்கும் அந்தப் பெட்டிக்குள் தட்டுத் தட்டாக அடுக்கியிருப்பவை புற்றுநோய்ச் செல்கள். ஆராய்ச்சிக்கூடத்தில் அவற்றுக்கு ஒன்றுவிட்டு ஒரு நாள் தீவனம் மாற்றுவது இவர் வேலை. பழைய நீரை உறிஞ்சி எடுத்து, சத்து கலந்த இளஞ்சிவப்பான புது நீரைச் சொட்டுப் பிசகாமல் விட்டு, மூடியில் தேதி எழுதி, “ஒழுங்கா இருங்க, நாளன்னிக்கு வரேன்” என்று கதவைச் சாத்துவார். பதினெட்டு வருஷத்தில் ஒரு தட்டுகூடப் பட்டினி கிடந்ததில்லை. காய்ச்சலில் படுத்த வாரத்தில் மணிக்கொரு தரம் போன் போட்டு, “போட்டீங்களா? எவ்வளவு போட்டீங்க?” என்று எல்லோர் உயிரையும் எடுத்தார்.

சமையலம்மா என்பது வேலையிடத்தில் வைத்த பெயர். வீட்டில் அடுப்புக்கும் அவருக்கும் ஏழாம் பொருத்தம். முப்பது வருஷமாகக் கணவர்தான் சமைக்கிறார். அம்மா பங்குக்குச் செய்வதெல்லாம், பால் பாக்கெட்டிலிருந்து பற்பசை வரைக்கும் பேனாவால் பிரித்த தேதியை எழுதுவது. “என் முதுகுல மட்டும்தான் இன்னும் தேதி எழுதல” என்பார் கணவர்.

இந்த வருஷம் கூடத்தில் நடக்கும் சோதனை இது. தட்டு நிறைய நெருக்கியடித்து வளர்ந்த செல்களின் நடுவே, மெல்லிய முனையால் ஒரே கோடாக இழுத்து வழித்துவிடுவார்கள். நடுவில் வெறும் சாலை. அதை எந்தச் செல் எவ்வளவு சீக்கிரம் ஊர்ந்து கடக்கிறது என்று பார்க்க வேண்டும். இந்தச் செல்கள் கொழுப்பைச் சின்னச் சின்னத் துளிகளாக உள்ளே சேர்த்து வைத்திருக்கின்றன. சாயம் போட்டால் சிவப்புப் பொட்டுகளாகத் தெரியும். அந்தக் கொழுப்பை உடைக்க விடாமல் மருந்து போட்ட தட்டில், பொட்டுகள் அப்படியே இருக்க, பெரும்பாலான செல்கள் கரையிலேயே உட்கார்ந்துவிட்டன. மருந்து போடாத தட்டிலோ பொட்டுகள் கரைந்துகொண்டே வந்தன, செல்களும் சாலையைக் கடந்துகொண்டே இருந்தன. சமையலம்மாவுக்குத் தலைகால் புரியாத சந்தோஷம்.

சந்தோஷம் வந்தால் வாய் சும்மா இருக்காது. அந்த ஞாயிற்றுக்கிழமை அக்கா வீட்டில் சாப்பாட்டு மேஜையில் எடுத்துவிட்டார். “பரவுற செல்லு கட்டுச்சோறு கட்டிக்கிட்டுத்தான் கிளம்புதுக்கா. உள்ள இருக்கற கொழுப்ப உடைச்சு உடைச்சுத் தின்னுக்கிட்டே ஊர் ஊராப் போகுது.” எல்லோரும் வாயைப் பிளந்து கேட்டார்கள். அந்தக் குஷியில், எதிரே உட்கார்ந்திருந்த அத்தான் வெண்ணெய்க் கிண்ணத்தை மெல்லத் தள்ளி வைத்ததை அம்மா கவனிக்கவில்லை.

அத்தான் தையற்காரர். இரண்டு மாதம் முன்னால்தான் குடலிலிருந்து கட்டியை எடுத்திருந்தார்கள். சுற்றுச் சுற்றாக மருந்து ஏற்றிக்கொண்டிருந்த நேரம். மறுநாளிலிருந்து வெண்ணெய் இல்லை, எண்ணெய் இல்லை, முட்டை இல்லை, பால் இல்லை. “நான் சோறு கட்டிக் குடுத்தாத்தானே அது பயணம் போகும்” என்று வேகவைத்த காயும் கையுமாக உட்கார்ந்துவிட்டார். வாரத்துக்கு வாரம் கால்சட்டை இடுப்பில் நிற்கவில்லை. வாரத்துக்கு வாரம் அவரே அதைப் பிடித்துத் தைத்துக்கொண்டார்.

ஐந்தாவது வாரம் அக்கா போன் செய்தாள். “இன்னும் எடை குறைஞ்சா அடுத்த சுத்து மருந்த நிறுத்தி வைக்க வேண்டியதுதான்னு டாக்டர் சொல்லிட்டாரு. நீ வந்து உன் கதைய நீயே வாபஸ் வாங்கு. நான் சொன்னா, ‘ஆராய்ச்சிக்கூடத்துல இருக்கறவ சொல்றத நம்பறதா, உன்ன நம்பறதா’ங்கறாரு.”

அன்று, பதினெட்டு வருஷத்தில் முதல் தடவையாக, சமையலம்மா ஒரு மூடியில் தேதியைத் தப்பாக எழுதினார்.

ஞாயிற்றுக்கிழமை இரண்டு படங்களோடு அக்கா வீட்டுக்குப் போனார். “அத்தான், இது வழக்கமான தீவனம் போட்ட தட்டு. இது கொழுப்பையே வடிகட்டி எடுத்துட்டுப் போட்டது. ரெண்டுலயும் சிவப்புப் பொட்டு இருக்கா? நீங்க போடலேன்னா அது சர்க்கரைய வச்சுத் தானே செஞ்சுக்கும். பட்டினி கிடக்கறது நீங்க மட்டும்தான்.”

அத்தான் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு இரண்டு படத்தையும் துணி வாங்குகிறவர்போலத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “அப்ப சர்க்கரையும் ஆகாதுங்கற” என்று தேநீரையும் தள்ளி வைத்தார். அக்கா தலையில் அடித்துக்கொண்டாள்.

வேறு வழியில்லாமல் சமையலம்மா அடுப்படிக்குள் நுழைந்தார். வெண்ணெயை மருந்துக் கரண்டியால் அளந்தார், கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே முட்டையைப் பொரித்தார். அப்படியும் ஒரு பக்கம் கருகிவிட்டது. ரொட்டியோடு கொண்டுவந்து தையல் மெஷினுக்குப் பக்கத்தில் வைத்தார். அத்தான் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. கால்சட்டையின் இடுப்பை இன்னும் ஓர் அங்குலம் பிடிப்பதில் மும்முரமாக இருந்தார். தைத்து முடித்து மேஜைமேல் போட்டதும், கை சும்மா இருக்க முடியாமல் அம்மா அதை எடுத்து உட்புறம் திருப்பினார்.

உள்ளே வரிசை வரிசையாக ஐந்து தையல். மிச்சத் துணி மொத்தமும் மடிப்பு மடிப்பாக அப்படியே இருந்தது. கடைக்கு வருகிறவர்களின் இடுப்பைக் குறைத்தால் மிச்சத்தை அந்தக் கணமே வெட்டிப் போடுகிற ஆள் அத்தான். “மடிச்சு வச்சா உறுத்தும்” என்று வகுப்பே எடுப்பார்.

“இத ஏன் வெட்டல?” என்று கேட்டார் சமையலம்மா.

அத்தான் நூற்கண்டைத் தேடினார். அது அவர் கையிலேயே இருந்தது.

“உறுத்துமே அத்தான். ஏன் வெட்டல?”

“வெட்டிட்டா அவ்வளவுதானே” என்றார் அத்தான், மெஷினைப் பார்த்துக்கொண்டே. “அப்புறம் உடம்பு தேறினா விட்டுத் தைக்கத் துணி ஏது?”

அம்மாவுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. “தட்டுல இருக்கற செல்லப் பத்திச் சொன்னேன் அத்தான், உங்க சாப்பாட்டப் பத்திச் சொல்லல. கேக்க நல்லா இருக்கட்டும்னு கட்டுச்சோறு அது இதுன்னு அளந்துவிட்டேன். தப்பு என்னுது. ஊர்ல இருக்கற செல்லுக்கெல்லாம் சோறு போடறேன், என்னால நீங்க பட்டினி கிடந்தா நான் எங்க போய் முட்டிக்கறது?”

அக்கா வாசற்படியிலேயே நின்றாள். அத்தான் தட்டை இழுத்து ஒரு வாய் எடுத்துப் போட்டார். முகம் கோணியது.

“உப்பு எங்கம்மா?”

“அளந்துதான் போட்டேன். செல்லுக்குப் போடற கணக்கு.”

“நான் செல்லு இல்லம்மா.”

“அதத்தானே சொல்ல வந்தேன்.”

கருகின பக்கத்தையும் விடாமல் தின்று முடித்தார். தட்டில் ஒட்டியிருந்த வெண்ணெயை ரொட்டியால் துடைத்து அதையும் வாயில் போட்டுக்கொண்டார். கையைக் கழுவி வந்து, கால்சட்டையை மடியில் போட்டு, சற்று முன் போட்ட கடைசி வரிசைத் தையலை முனைக்கத்தியால் ஒவ்வொன்றாகப் பிரித்தார். சமையலம்மா குனிந்து, அவிழ்ந்த மடிப்பை விரலால் நீவிவிட்டு, பையிலிருந்து பேனாவை எடுத்து, அந்தத் துணியின் உட்புறத்தில் அன்றைய தேதியை எழுதினார்.