முதலில் விசிலடித்தவள்

எலியா பரில்லி ஊரை விட்டுப் போனது நவம்பர் இருபத்தொன்று, திங்கட்கிழமை, காலை ஏழேகால் ரயிலில். நீவெஸ் அதைத் தன் கண்ணாலேயே பார்த்தாள். அவள் வேலை செய்யும் மலையடிவாரத்துக்குப் போகும் பேருந்து ரயில் நிலையத்து வாசலிலிருந்துதான் புறப்படும். அவள் காபியைக் குடித்துக்கொண்டு நின்றபோது, கழுத்துத்துணியை மூக்கு வரைக்கும் சுற்றிக்கொண்டு, சக்கரம் வைத்த பெட்டியை இழுத்தபடி அந்த இளைஞன் அவளைக் கடந்து உள்ளே போனான். வழியனுப்ப ஓர் ஆள் கூட இல்லை. ஒப்பந்தப்படி இன்னும் மூன்று காட்சிகள் அவன் பாட வேண்டியிருந்தது.

முந்தைய நாள் பிற்பகல் காட்சியில் அவனைப் பார்த்து முதலில் விசிலடித்தவள் நீவெஸ்தான். இத்தாலிய அரங்கங்களில் விசில் என்பது பாராட்டு அல்ல, பாடகனை விரட்டும் அவமதிப்பு.

"போயிட்டான்டி," என்று வேலைக்கு வந்ததும் தீனாவிடம் சொன்னாள். தீனா அவளோடு பக்கத்து மேசையில் வேலை செய்பவள்.

"யாரு, உன் புருஷனா? அவன்தான் பதினோரு வருஷத்துக்கு முன்னாடியே போயிட்டானே."

"அந்தப் பாட்டுக்காரன். நேத்து மூணாவது அங்கத்துல உச்சத்துக்கு ஏறாம கீழயே நின்னுட்டான். விட்டேன் ஒரு விசில்."

"புருஷன் போனப்பவும் இப்படித்தான் சிரிச்ச," என்றாள் தீனா.

நீவெஸ் கண்டோல்ஃபிக்கு அப்போது ஐம்பத்தேழு வயது. பன்றித்தொடைகளை உப்பிட்டு உலர்த்தும் கூடத்தில் முப்பத்தொரு வருஷமாக வேலை. ஒரு வருஷத்துக்கும் மேலாகத் தொங்கி உலர்ந்த தொடையில் ஐந்து இடங்களில் குதிரை எலும்பு ஊசியைக் குத்துவாள், இழுப்பாள், முகர்வாள், நல்லதா கெட்டதா என்று சொல்வாள். அவ்வளவுதான் வேலை. ஆனால் அவள் கெட்டது என்று தள்ளிய தொடையை முதலாளி அங்கேயே வெட்டிப் பார்ப்பார். உள்ளே நன்றாக இருந்துவிட்டால், "தப்பு என்னுது" என்று அவள் எல்லார் காதிலும் விழும்படி சொல்லியாக வேண்டும். அது அந்தக் கூடத்து வழக்கம். முப்பத்தொரு வருஷத்தில் நான்கு தடவை சொல்லியிருக்கிறாள். நான்கு தேதியும் அவளுக்கு மனப்பாடம்.

மற்றபடி அவளுக்கு உயிர் ஓப்பரா, பாட்டாகவே நடக்கும் நாடகம். ஸ்வரம் படிக்கத் தெரியாது, எந்த வாத்தியமும் தொட்டதில்லை. பழைய அரங்கத்தின் ஐந்தாவது மாடத்தில், கூரைக்குக் கீழே, மரப் பலகையில் உட்கார்ந்து பதினேழு வயதிலிருந்து கேட்டுக் கேட்டுச் சேர்ந்த காது அது. அங்கே உட்காருகிறவர்கள் குழாய் ரிப்பேர் செய்பவர், தையல்காரி, பேருந்து ஓட்டுநர் என்று அவளைப் போன்றவர்கள்தான். கீழே பட்டு உடுத்தி உட்கார்ந்திருப்பவர்கள் எதற்கும் கை தட்டுவார்கள். பாடகர்கள் பயந்தது மேலே இருப்பவர்களுக்கு. சர்க்கரை ஆலை இருந்த இடத்தில் கான்கிரீட்டும் கண்ணாடியுமாகப் புதிய அரங்கம் வந்தபோது மாடங்கள் போய்விட்டன. ஒரே சரிவில் ஆயிரத்து நானூறு நாற்காலிகள். மேல் ஆட்கள் யாரையும் கேட்காமல் கடைசி ஆறு வரிசைகளைத் தங்களுடையதாக்கிக்கொண்டார்கள். அங்கிருந்துதான் அன்று விசில் பறந்தது. நாயகன் போருக்குப் புறப்படும் பாட்டின் முடிவில் எல்லாப் பாடகர்களும் தொண்டை கிழிய ஓர் உச்சத்தைப் பிடித்து நிறுத்துவார்கள். எலியா பரில்லி அதைப் பிடிக்கவில்லை. நீவெஸ் இரண்டு விரலை வாயில் வைத்தாள். அவளைத் தொடர்ந்து நாற்பது பேர்.

கிறிஸ்துமஸுக்கு முன் ஒரு சனிக்கிழமை கீழ்வீட்டு வில்மா வந்து கதவைத் தட்டினாள். அரங்கத்தில் இசைத்தாள்களைப் பாதுகாப்பது அவள் பொறுப்பு. கையில் ஒரு காகிதம்.

"நீவெஸ், அன்னைக்கு ஆரம்பிச்சு வெச்சது நீதானாமே?"

"ஆமா. அதுக்கென்ன இப்ப?"

"இதப் பாரு."

"எனக்கு இந்தக் கோடு, கொக்கியெல்லாம் புரியாது வில்மா."

"மாடிப்படி மாதிரிதான். புள்ளி மேல போனா குரல் ஏறுது, கீழ வந்தா இறங்குது. அந்தப் பையன் நின்ன இடம் இது. நீ கேட்ட உச்சம் இதோ இங்க இருக்கணும். இருக்கா?"

அந்த இடத்தில் காகிதம் வெள்ளையாக இருந்தது.

"அச்சுல விட்டுப்போயிருக்கும்."

"இசையமைச்சவர் தன் கையால எழுதின தாள்லயும் இல்ல. எவனோ ஒரு பாடகன் கைதட்டலுக்கு ஆசப்பட்டு ஒரு நாள் ஏறினான். அவனப் பாத்து அடுத்தவன். நூத்தம்பது வருஷமா ஏறிட்டே இருக்காங்க. இவன் எழுதினபடி பாடினான். நீங்க எல்லாரும் சேந்து விரட்டிட்டீங்க."

வில்மா போன பிறகு அந்தக் காகிதம் சமையலறை மேசையிலேயே கிடந்தது. நீவெஸ் சூப்பைச் சூடாக்கினாள், குடிக்கவில்லை. நல்ல தொடையைக் கெட்டது என்று தள்ளியிருக்கிறோம். வெட்டிப் பார்த்தாயிற்று. இனி சொல்ல வேண்டியதுதான். ஆனால் யாரிடம் சொல்வது? எலியா பரில்லிக்கு ஒரு கடிதம் எழுதினாள். முகவரி மாறிவிட்டது என்று முத்திரை குத்தித் திரும்பி வந்தது.

லெயார்க்கோவிடம் போனாள். எழுபத்து நான்கு வயது, முப்பது வருஷம் பேருந்து ஓட்டியவர், மேல் வரிசைக்காரர்களுக்கு அவர் வைத்ததுதான் சட்டம். அரங்கத்துக்கு எதிரே உள்ள மதுக்கடையில் எப்போதும் இருப்பார். காகிதத்தைக் கண்ணாடி போட்டும் பார்த்தார், கழற்றியும் பார்த்தார்.

"எழுதினவர் செத்து நூறு வருஷத்துக்கு மேல ஆச்சு," என்றார். "கேக்குறவங்க நாம உயிரோட இருக்கோம். நமக்கு அந்த உச்சம் வேணும்."

"அவன் மேல தப்பு இல்லையே லெயார்க்கோ. இல்லாததக் கேட்டு விசிலடிச்சிட்டோம்."

"அடிச்சது நீ. நாங்க உனக்குத் துணைக்கு வந்தோம்." கடையே சிரித்தது.

அவள் சிரிக்கவில்லை.

இரண்டு வருஷம் கழித்து ஜனவரியில் அரங்கத்துக் கண்ணாடியில் புது அறிவிப்பு ஒட்டினார்கள். அதே ஓப்பரா. புதிதாக வந்திருந்த இசை நடத்துநர், எழுதியபடிதான் பாட வேண்டும் என்று பத்திரிகையில் சொல்லியிருந்தார். நாயகன் எலியா பரில்லி. முதல் காட்சி பிப்ரவரி ஒன்பது, ஞாயிறு, பிற்பகல் மூன்றரை.

மதுக்கடையில் அன்றே பேச்சு முடிந்துவிட்டது. நாற்பது பேர், நாற்பது விசில். ஒரு தடவை ஓடியவன் மறுபடியும் ஓடுவான். இரண்டாவது தடவையும் ஓடினால் இந்த நாட்டில் எந்த அரங்கமும் அவனைக் கூப்பிடாது. நீவெஸுக்கு அது நன்றாகத் தெரியும். அன்று அந்தக் கடைசி வரிசைகளுக்குள் தான் இருந்தே தீர வேண்டும் என்று முடிவு செய்தாள்.

இணையத்தில் சீட்டுகள் இருபது நிமிஷத்தில் தீர்ந்தன. மிச்சம், காட்சியன்று வாசலில் விற்கும் அறுபது இடங்கள். அதற்குப் பட்டியல் உண்டு. முந்தைய நாள் காலை ஏழு மணிக்குக் கண்ணாடிக் கதவுக்கு முன்னால் லெயார்க்கோ ஒரு நோட்டில் பேர்களை எழுதுவார். அப்புறம் ஒரு மணிக்கு, ஏழு மணிக்கு, மறுநாள் எட்டுக்கு, மறுபடி ஒன்றுக்கு, பேர் வாசிப்பார். ஒரு தடவைதான் கூப்பிடுவார். "இருக்கேன்" என்று பதில் வராவிட்டால் பேரை அடித்து ஒரு கோடு. அரங்கத்துக்காரர்கள் போட்ட விதியல்ல அது. ஆனால் அவர்களும் அந்த நோட்டின்படிதான் சீட்டுக் கொடுத்தார்கள்.

சனிக்கிழமை கூடத்தில் வேலை நாள். முதலாளி லீவு தர மறுத்துவிட்டார். மறுவாரம் முந்நூறு தொடை வெளியூர் போக வேண்டும். நீவெஸ் காலை ஏழு மணிக்குப் பேர் கொடுத்தாள், எட்டரைக்கு ஊசியைக் கையில் எடுத்தாள், பன்னிரண்டு அடிக்கும்போது மேலங்கியைக் கழற்றினாள்.

"சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம்தான்," என்றாள் தீனா. "ஊருக்குப் போயிட்டு எப்படித் திரும்புவ?"

"திரும்பறதப் பத்தி அப்புறம் பாத்துக்கலாம்."

"பாட்டுக்காரன் உனக்கு மாமனா மச்சானா?"

"நான் தள்ளிவிட்ட தொடைடி அவன்."

தீனா தன் இரண்டு சக்கர மோட்டார் வண்டியின் சாவியை நீட்டினாள்.

வெளியே மூடுபனி. எமிலியா சமவெளியில் பிப்ரவரி மூடுபனி என்றால் முன் சக்கரம் கூடத் தெரியாது. இருபத்திரண்டு கிலோமீட்டரையும் சாலையோரத்து வெள்ளைக் கோட்டைப் பார்த்துக்கொண்டே ஓட்டினாள். பழைய சர்க்கரை ஆலைத் திடலின் விளிம்பில் வண்டியை நிறுத்தியபோது லெயார்க்கோவின் குரல் கேட்டது. ஆளைக் காணோம்.

"கண்டோல்ஃபி!"

"இருக்கேன்!" என்று திடலின் மறுகோடியிலிருந்து கத்தினாள்.

"யாரு இருக்கேன்? மொகம் தெரியல. கோடு போடறேன்."

பனிக்குள்ளிருந்து ஒருவர், "லெயார்க்கோ, அம்பது வருஷமா குரலக் கேட்டே ஆளத் தீத்துக் கட்டறீங்க. இந்தக் குரல் யாருதுன்னு தெரியலயா?" என்றார்.

எங்கும் சிரிப்பு. யார் சிரித்தார்கள் என்று யாருக்கும் தெரியவில்லை. கோடு விழவில்லை.

மாலை ஏழு மணிக்கும், மறுநாள் எட்டுக்கும் ஒன்றுக்கும் அவள் முன்னாலேயே போய் நின்றாள். நடுவில் கிடைத்த நேரமெல்லாம் வரிசையில் ஒவ்வொருவராகப் பார்த்து வில்மாவின் காகிதத்தைக் காட்டினாள். தையல்காரி காகிதத்தைத் திருப்பிக் கொடுத்தாள். "இதெல்லாம் கண்ணால பாக்குற சமாச்சாரம் நீவெஸ். நாங்க காதால கேக்குறவங்க." குழாய் ரிப்பேர்காரர் பாதி தலையாட்டினார். எண்ணிப் பார்த்தால் பதினோரு பேர் சும்மா இருப்பதாகச் சொன்னார்கள். கை தட்டுவதாக ஒருவரும் சொல்லவில்லை.

மூன்றரைக்கு விளக்குகள் அணைந்தன. கடைசி வரிசைக்கு முந்தைய வரிசையில், நடுவில் அவள். வலப்பக்கம் நான்கு நாற்காலி தள்ளி லெயார்க்கோ. முதல் இரண்டு அங்கங்களும் நல்லபடியாகப் போயின. எலியா பரில்லியின் குரல் இரண்டு வருஷத்தில் கனத்திருந்தது, அவசரம் போயிருந்தது. பழைய அரங்கத்தில் மரம் சத்தத்தை மெழுகிவிடும். இந்தப் புதிய அரங்கத்தில் அவன் மூச்சு இழுப்பது கூட மேல் வரிசைக்கு வந்தது.

மூன்றாம் அங்கத்தில் போர்ப் பாட்டு தொடங்கியதும் வரிசை முழுக்க ஆட்கள் நிமிர்ந்து உட்காருவது நாற்காலிச் சத்தத்திலேயே தெரிந்தது. நீவெஸ் முழங்காலைக் கைகளால் அழுத்திக்கொண்டாள். பாட்டு ஏறியது, திரும்பியது, கடைசி வரிக்கு வந்தது. அவன் குரல் மாடிப்படியின் நடுவில் நின்றது. உறுதியாக, ஆடாமல், எழுதிய இடத்தில். வாத்தியக் குழு முடித்துவிட்டது.

லெயார்க்கோவின் விசில் கிளம்பியது.

நீவெஸ் எழுந்தாள். இந்த அரங்கத்தில் எழுந்தால் ஆயிரத்து நானூறு பேருக்கும் முகம் தெரியும். தெரியட்டும்.

"எழுதினபடிதான் பாடறான்!" தொண்டை கிழியக் கத்தினாள். "ரெண்டு வருஷத்துக்கு முன்னாடியும் எழுதினபடிதான் பாடினான்! அன்னைக்கு முதல்ல விசிலடிச்சவ நான். நீவெஸ் கண்டோல்ஃபி. தப்பு என்னுது!"

கீழ் வரிசைகள் திரும்பிப் பார்த்தன.

"யாரும்மா உன்ன மேடையேத்தினது?" என்று ஒரு குரல்.

"உச்சத்த இவ பிடிச்சிட்டா!" என்று இன்னொன்று. சிரிப்பு வெடித்தது. விசிலடிக்க விரலை வாய்க்குக் கொண்டுபோனவர்களில் பாதிப் பேர் சிரித்துவிட்டார்கள். சிரிக்கும் வாயால் விசிலடிக்க முடியாது. குழாய் ரிப்பேர்காரர் இரண்டு கையையும் சேர்த்துத் தட்டினார். நீவெஸும் நின்றபடியே தட்டினாள். கீழே இருந்து கைதட்டல் ஏறியது. விசிலும் ஓயவில்லை. இரண்டும் ஒன்றோடொன்று மோதிக்கொண்டு நெடுநேரம் நீடித்தன. எலியா பரில்லி மேடையில் வாளைப் பிடித்தபடி மேலே பார்த்துக்கொண்டு நின்றான். விளக்கு வெளிச்சத்தில் அவனுக்கு யாரும் தெரிந்திருக்க மாட்டார்கள். நான்காம் அங்கத்துக்குத் திரை விலகியபோதும் அவன் ஓடிப்போயிருக்கவில்லை.

வெளியே வரும்போது லெயார்க்கோ அவளைப் பார்க்காமல், "அடுத்த பட்டியல்ல உன் பேரு கடைசியிலதான்," என்றார்.

"கடைசியில இருந்தாலும் இருக்கேன்னு சொல்லுவேன்."

திங்கட்கிழமை காலை ரயில் நிலையத்து வாசலில் காபியை வைத்துக்கொண்டு ஏழேகால் ரயில் போகும்வரை நின்றாள். பெட்டியோடு யாரும் வரவில்லை. ஐந்து காட்சிகளையும் அவன் பாடி முடித்துவிட்டுத்தான் போனான். அவனுக்கு அதற்கப்புறம் பெரிய ஊர்களிலிருந்தெல்லாம் அழைப்பு வந்ததாக வில்மா சொன்னாள். சொல்லாமல் வேலையிலிருந்து போனதற்கு முதலாளி நீவெஸின் அரைநாள் கூலியைப் பிடித்தார்.

பதினான்கு மாதம் கழித்து, ஏப்ரலில் ஒரு புதன்கிழமை, வேலை நடுவே மேலங்கிப் பையில் கைபேசி அதிர்ந்தது. தெரியாத எண்ணிலிருந்து ஒரு செய்தி. கையைத் துடைத்துக்கொண்டு படித்தாள்.

"சின்யோரா கண்டோல்ஃபி, உங்க எண்ண வில்மா கிட்ட வாங்கினேன். பல தடவ எழுதி எழுதி அழிச்சிட்டேன். அன்னைக்கு நீங்க எழுந்து சொன்னதுல பாதிதான் சரி. முதல் தடவ நான் எழுதினபடி பாடல. உச்சத்துக்குப் போகத்தான் கிளம்பினேன், பயந்துபோய்ப் பாதியில நின்னுட்டேன். அப்புறம் எல்லாரும் 'அவன் எழுதினபடி பாடினான்'னு எனக்காகப் பேசினாங்க. நானும் வாயத் திறக்கல. உங்க விசில் நியாயமானது. ரெண்டாவது தடவதான் நானா அங்க நின்னேன். அதுக்குத் தேவையான தைரியம் வர ரெண்டு வருஷம் ஆச்சு, இதச் சொல்ல இன்னும் ஒரு வருஷம். உங்களத் தவிர வேற யார் கிட்டயும் சொல்லல. எலியா பரில்லி."